கந்தகத்துக்குக் கீழே

முண்டந்துறைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்து எண்ணினார்கள்.
தண்ணீர் பாட்டில் இரண்டு, பிஸ்கட் உறை மூன்று, மழைக்கோட்டு ஒன்று.
இறங்கும்போது கணக்கு சரியா இருக்கணும் என்றார் காவலர்.
மின்வாரியத்தில் இருபத்தோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான்,
தலையாட்டினேன்.
‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தில்
மலை ஏற
என்று எழுதினேன்.
முழங்கால் அப்போதே சிரித்திருக்கும்.

சாத்தன் காணி முன்னால் போனார், காலில் ஒன்றுமில்லாமல்.
என் பூட்ஸின் விலையை அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
ஒரே ஆறு இரண்டு இடத்தில் குறுக்கே வந்தது.
அட்டை ஏறினா பிடுங்காதீங்க,
குடிச்சு முடிச்சா அதுவே இறங்கிரும் என்றார்.
எங்கள் ஊர் கந்துவட்டிக்காரனைப் பற்றி
யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

மேட்டில் நின்றபோது கீழே அணை,
யாரோ போட்டுவிட்டுப் போன தகரத் துண்டாக.
அந்தத் தண்ணீர்தான் சுழன்று, கம்பியில் இறங்கி,
என் மேஜையில் யூனிட்டாக வந்து விழுகிறது.
ஈத்தங்குழியில் பதினேழு வீடு.
வாசலுக்கு ஒன்றாக மூங்கில் கழியில் சோலார் விளக்கு.
என்ன வேலை பார்க்கீங்க என்று பாக்கியம் கேட்டபோது
ஆபீஸ் வேலை என்றேன்.

மரச்சீனிக்கிழங்கு. காந்தாரி மிளகாய்த் துவையல்.
முதல் உருண்டையிலேயே கண்ணில் நீர்.
தங்க வர்ற எல்லாரும் மொதல்ல அழுவாங்க,
கட்டஞ்சாயா குடிங்க என்றாள்.
போன மாசம் ஒருத்தர் வந்தாராம்,
உங்க பழைய ஆட்டம் ஆடிக் காட்டச் சொன்னாராம்.
நீங்க ஊர்ல என்ன ஆடுவீங்களோ மொதல்ல அத ஆடுங்க,
நாங்க பாத்ததில்லைன்னேன்.
அவரு படுக்கப் போயிட்டாரு.

எனக்குத் தந்த அறையில் ஒரு கட்டில்,
ஆணியில் பள்ளிக்கூடச் சீருடை, மடிப்புக் கலையாமல்.
சுவர் முழுக்கச் சாக்பீஸில் தனிம அட்டவணை.
ஹைட்ரஜன் கூரை ஓலையில் முட்டிக்கொண்டிருந்தது.
சோடியத்தின் மேல் ஒரு பல்லி.
தங்கத்துக்கு மட்டும் மஞ்சள் சாக்பீஸ்.
நடுச்சாமத்தில் மழை பிடித்து
வலது காலில் சொட்டத் தொடங்கியது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்: கந்தகத்துக்கு நேர் கீழே கிடக்கிறேன்.
காலை மடக்கிக்கொண்டு
விடியும்வரை தனிமங்களை வாசித்தேன்.
எப்போதோ தோற்ற பாடம்.

காலையில் பாக்கியம் தாளில் கூட்டிக் காட்டினாள்.
அறை, சாப்பாடு, கூட நடந்த கூலி.
சாயாவுக்குப் போடவில்லை.
அப்புறம் ஒரு பாட்டில் தேன், வாயில் வாழைநார் கட்டி.
சுகிலா உங்க ஊர்லதான் தங்கியிருக்கா, பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல.
மாசம் ஒருக்கா வருவா. அப்ப மட்டும் ரூம் கெடையாது
என்று விலாசம் சொன்னாள்.
என் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு.
பால் வாங்க தினம் அந்தக் கேட்டைத் தாண்டிப்
போய்க்கொண்டிருக்கிறேன்.

சாவடியில் கணக்கு உதைத்தது.
ரெண்டு போச்சு, மூணு வருதே?
மூணாவது யாரோடது?
பிள்ளைக்கு அம்மா குடுத்துவிட்டது என்றேன்.
அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு
இரண்டை மூன்றாகத் திருத்தினார்.
என் வாழ்நாளில்
திருத்திய எண் ஒன்றுக்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ஹாஸ்டலில் இன்னொரு நோட்டு.
பெயர், நேரம், மாணவிக்கு என்ன உறவு.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
அவள் கட்டிலில் படுத்தவள் என்று எழுதலாம்,
அவள் அம்மாவுக்குக் காசு கொடுத்தவள் என்றும்.
வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.
கோடு ஒன்று போட்டேன்.

வந்தாள். பாட்டிலை வாங்கவில்லை முதலில்,
என் வலது காலைத்தான் பார்த்தாள்.
மழையாமே நேத்து?
கந்தகத்துக்குக் கீழதான் ஒழுகுதா,
இல்ல
பாஸ்பரஸ் வரைக்கும் வந்துட்டா?