கட்டிலை நகர்த்திய பிறகு

வியாழன் காலை
இரண்டு பொடியள் வேனில் வந்து
மோட்டார் வைத்த கட்டிலை இறக்கினார்கள்.
ஏறும், இறங்கும், தலைமாடு நிமிரும்.
எங்கள் பழைய கட்டில்
கவுன்சில் லொறி வரும்வரைக்கும்
வீதியோரப் புல்லில் மல்லாந்து கிடந்தது,
ஓக்லி மழையில் கால்கள் நனைய.

பக்கத்து வீட்டு ஸ்டமாத்தியா
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
எங்கள் பழங்கதையில் ஒருத்தி, என்றாள்,
இருபது வருஷம் கழித்து வந்தவனிடம்
"கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறேன்" என்று
ஒரு பொய்யை எறிந்து பார்த்தாள்.
நின்ற ஒலிவ் மரத்திலேயே செதுக்கிய கட்டில் அது.
வேர் மண்ணுக்குள்.
அதை ஆர் நகர்த்தினது என்று கத்தினான்.
அவனேதான் என்று அவளுக்கு அப்போதுதான் நிச்சயமானது.

எங்களுடையது ஸ்பிரிங்வேலில் தவணைக்கு வாங்கியது.
ஆறு ஸ்க்ரூ.
கழற்ற ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

அன்றிரவு அவர்
புதுக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"இது ஆற்றை வீடு?" என்றார்.

பகலில் நெய்ததை இரவில் பிரித்தாளாம் அவள்.
எனக்கு அது விளங்கும்.
தோய்த்து, காயப்போட்டு,
நாலு மூலையும் இழுத்து நான் விரித்த விரிப்பை
விடியப்புறம் மூன்று மணிக்கு
அவர் பிரித்துவிடுவார், ஈரமாய்.
அவளுக்கென்றால்
பிரித்ததும் தன் கை.

ஒரு பின்னேரம் ஸ்டமாத்தியா
எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள்.
குசினியில் நின்றபடியே கேட்டேன்:
வந்தவன் காலை ஆர் கழுவினது?
"வீட்டு வேலைக்காரி. கிழவி.
முழங்காலுக்கு மேல் தழும்பு தட்டுப்பட
அடையாளம் பிடித்துவிட்டாள்."
பெண்சாதி?
"அங்கேதான் இருந்தாள்.
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு."
தண்ணீர் சுமந்தது?
"வேலைக்காரப் பெட்டைகள். ஐம்பது பேர்."
பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது?

அவள் பழங்களை எண்ணத் தொடங்கினாள்.
"பன்னிரண்டு பேரை," என்றாள், "தூக்கிலே.
முதலில் கூடத்து இரத்தத்தைக்
கழுவ வைத்துவிட்டு."

பராமரிப்பாளர் படிவத்தில் ஒரு கேள்வி:
இவரைக் கவனிக்க
ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?
பெட்டிக்குள் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
உறவு என்ற கோட்டில்
மனைவி என்று எழுதினேன்.
அந்த ஐம்பது பேருக்கு
கோடு இல்லை.

அவருடைய தழும்பு இடது காலில்.
டண்டெனோங் பிஸ்கட் பக்டரியில்
தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு இரும்புத் தட்டு சரிந்தது.
தையலை நான்தான் எண்ணினேன், பதினொன்று.
சவர்க்காரம் போடும்போது
என் பெருவிரல் தானாகவே போய் அங்கே நிற்கும்.
அவர் காலை இழுத்துக்கொள்வார்.
"தங்கச்சி, நீங்கள் நல்ல பிள்ளை.
ஆனால் இதெல்லாம் வேண்டாம்.
என்ரை மனிசி வரட்டும்.
கண்டால் கோவிப்பா."

துவாயோடு நின்றேன்.
சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்றும் வந்தது.
ஸ்டமாத்தியாவின் கதையில்
வேஷத்தோடு வாசலில் வந்து நின்றவன் புருஷன்.
இங்கே அது நான்.
ஆரையும் கிட்ட விடாமல்
எனக்காக என்னையே தள்ளி வைத்துக்கொண்டு
காத்திருக்கிறவர் இவர்.
அடையாளம் சொல்ல
அந்தக் கட்டிலும் இல்லை.

"ஓக்லி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கிறாவாம்,"
என்றேன். "வரச் சுணங்கும்.
தண்ணீர் ஆறிப்போகுது."

கொஞ்சநேரம் யோசித்தார்.
பிறகு, பிறத்தியாளின் மனம் நோகக் கூடாதென்று போல,
தழும்பில்லாத
மற்றக் காலை நீட்டினார்.