ஈரத்தூள்

அகிதாவில் மூன்றாம் நாளாகப் பனி.
பேருந்து வரவில்லை, நடந்தே வந்தேன்.
சுண்டெலிகளுக்கு ஞாயிறு கிடையாது.

நாற்பது கூண்டு.
பாதிக்கு உப்புத் தீனி, பாதிக்கு வெறும் தீனி.
எது எதற்கு என்று எனக்குத் தெரியக்கூடாதாம்.
டாக்டர் கமாதா பட்டியலை உறையிலிட்டு
இழுப்பறையில் பூட்டிவிட்டார்.
இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே உருண்டை,
நக்கிப் பார்த்தால்தான் உண்டு.

ஆனால் மரத்தூளை மாற்றுவது நான்.
ஒன்பதாம் கூண்டு வெள்ளிவரை பொலபொலவென்றிருக்கும்.
பத்தாவது
திங்களன்று மாற்றினால் செவ்வாய்க்கே சொதசொத.
தராசில் வைத்தால் புட்டி பாதி காலி.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்:
தப்புச் செய்தவனைப் பற்றிய பேச்சு அது.
இவை என்ன திருடின?
வைத்ததைத் தின்றன.

எட்டாம் வாரம் வாலில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள்.
குழாய்க்குள் நுழைப்பது என் பொறுப்பு.
கையுறைக்குள்ளும் அந்தத் துடிப்பு கேட்டது,
விரலுக்குக் காது முளைத்தாற்போல.

பதினாறாம் வாரம் திறந்தார்கள்.
இதயச் சுவர் தடித்திருந்தது.
சிறுநீரகத்தின் சல்லடையில் தழும்பு.
எலும்பிலிருந்த சுண்ணாம்பு
சிறுநீரோடு கசிந்து போயிருந்தது,
நான் அள்ளிக் கொட்டிய தூளோடு.
"நன்றாகத் தடித்திருக்கிறது" என்றார் கமாதா,
பிள்ளைக்குச் சதை பிடித்ததைச் சொல்கிற குரலில்.

அன்று உறையைப் பிரித்தார்கள்.
என் கோட்டுப் பையிலும் ஒரு சீட்டு இருந்தது,
ஈரத்தை வைத்து நானே குறித்தது.
அவர் வாசிக்க வாசிக்க
பைக்குள் விரலால் சரிபார்த்தேன்.
"ஓய்காவா-சான், என்ன சிரிப்பு?"
ஒன்றுமில்லை என்றேன்.

முப்பத்தொன்பது சரி.
இருபத்து மூன்று மட்டும் தப்பு.
அதற்கு வெறும் தீனிதான்.
இதயம் மெல்லியது, சிறுநீரகம் சுத்தம்,
எல்லாம் ஒழுங்கு.
ஆனாலும் இரவெல்லாம் குடித்தது.
எந்த வரிசையிலும் அதற்கு இடமில்லை,
அடிக்குறிப்பில்கூட.

மாலை, நிலையத்தருகே நூடுல்ஸ் கடை.
சாறு முழுவதையும் குடிக்காதே என்று
மருத்துவமனைச் சுவரொட்டி சொல்கிறது.
கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தேன்.
கண்ணாடிக்கு வெளியே நகராட்சி வண்டி
சாலைக்கு உப்புத் தூவிக்கொண்டே போனது.

படுத்தபின் நாக்கு வறண்டது.
எழுந்து குழாயடியில் இருட்டில் நின்றேன்.
ஒரு குவளை. இன்னொன்று.
எனக்காவது காரணம் இருக்கிறது,
இருபத்து மூன்றே,
உனக்கு என்ன தாகம்?