இரண்டாவது சாவி

பெட்டகத்துக்கு இரண்டு சாவி.
ஒன்று மேனேஜர் தயாளன் சாரிடம்,
ஒன்று என் இடுப்பில்.
ஒரே நேரத்தில் இரண்டு பேர்
திருடராக மாட்டார்கள் என்று
கம்பெனி நம்பியது.
எனக்கும் அந்த நம்பிக்கை பிடித்திருந்தது.

வேலூர், ஆற்காடு ரோடு.
ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில்
லாட்ஜ் மாடிப்படியை ஒட்டிய நகைக்கடன் கிளை.
ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள்
படியேறுமுன் எங்களிடம் வருவார்கள்.
கொல்கத்தாக்காரர் ஒருவர்
மனைவியின் வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நிற்பார்.
அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது.
கிராம் தெரியும்.

மாதக் கடைசியில் செல்போன் சூடேறும்.
ராணிப்பேட்டை பச்சை.
குடியாத்தம் பச்சை.
நாங்கள் சிவப்பு.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
மண்டல அலுவலகத்திலிருந்து ஒற்றைக் கேள்விக்குறி.
தயாளன் சார் அதை
சோற்றில் கை வைத்தபடியே படிப்பார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது,
கால் கட்டைவிரல் கறுத்த சர்க்கரை.
ஸ்பீக்கரில், எங்கள் மூன்று பேர் முன்னால்,
இருபத்தெட்டு வயசுக் குரல் ஒன்று
"வேலையை விட்டுட்டுக் கீரை விக்கப் போங்க" என்றது.
"யெஸ் சார்" என்றார்.
பிறகு வெகுநேரம்
ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தார்.

மே முப்பத்தொன்று. ஏ.சி. ரிப்பேர்.
பதினெட்டு லட்சம் குறைகிறது.
"சுகுணாம்மா, சாவி எடுத்துட்டு வாங்க."
உள்ளே இருக்கிற நகையே
இன்னொரு பேரில் இன்னொரு தரம் அடகு போகும்.
ஒரு ராத்திரிக்குத்தான்.
ஒண்ணாந்தேதி காலை மீட்டதாக எழுதிவிடலாம்.
ஒரு குந்துமணி வெளியே போகாது;
கணக்கு மட்டும் எழுந்து
கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும்.

திருப்பினேன்.
சாவி முரண்டு பிடிக்கவில்லை.
அதற்கு எண்ணெய் விடுகிறவளே நான்தான்.

இரவு பதினொன்றுக்கு எங்கள் பெயர் பச்சையானது.
கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன.
அடுத்த சம்பளத்தில் ஊக்கத்தொகை
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
பையனுக்கு ஷூ வாங்கினேன்.
ஷூவைக் குறை சொல்ல முடியாது,
இன்னும் உழைக்கிறது.

அந்த ஒரு ராத்திரி வட்டியை
யார் கட்டினார்கள்?
நான் கேட்கவில்லை.
ஜூனில் முப்பது பாக்கெட்.
ஆகஸ்டில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
எந்த மாதம் சார்
முதல் நகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்,
எந்த மாதம் அதே எடைக்கு
முலாம் பூசியது ஒன்று வந்து அங்கே படுத்தது,
தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
தெரியாமலிருக்க நான் பட்ட பாடு
அந்தத் தாளில் இல்லை.

ஐப்பசி மழையில்
விரிஞ்சிபுரம் முனிரத்தினம்மா வந்தாள்,
அசலும் வட்டியும் ரப்பர் பேண்டு போட்டு.
அரக்கு சரி. நம்பர் சரி.
பதினாறு கிராம் இருநூறு மில்லி,
சீட்டிலும் தராசிலும் ஒன்றே.
வளையலை மணிக்கட்டில் ஏற்றி
ஒரு தரம் கையை உதறினாள்.
"இது என்னுது இல்லம்மா.
சத்தம் வேற."

தராசைக் காட்டினேன்.
ஆமாம், காட்டினேன்.
"சரியாத்தானே இருக்கு, பாருங்க" என்றும் சொன்னேன்.
அவள் தராசைப் பார்க்கவில்லை.

குற்றப்பிரிவில் கேட்கிறார்கள்:
மிரட்டினாரா? இல்லை.
பங்கு கொடுத்தாரா? இல்லை.
"பின்ன எதுக்கும்மா தொறந்தே?"
பச்சை என்று சொல்ல வந்து
தண்ணீர் கேட்டேன்.

தயாளன் சார் தொரப்பாடியில்.
மனுப் போட்டுப் பார்க்கலாம், போகவில்லை.
நான் ஜாமீனில்,
வாரம் இருமுறை கையெழுத்து.
இடுப்பில் சாவி உரசிய இடத்தில்
காசளவுக்குத் தோல் இன்னும் கறுத்திருக்கிறது.

நேற்று பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
கிளை திறந்துதான் இருக்கிறது.
புது மேனேஜர் போனில்
யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் ஒரு பெண்,
என்னைவிட இளையவள்,
இடுப்பில் கை வைத்தபடி.

நேற்று தேதி முப்பது.