ஒன்பதாம் வரிசை

வூர்ட்ஸ்புர்க் தண்ணீர் கடினத் தண்ணீர்.
திராட்சை மலைகளின் சுண்ணாம்புக்குள் ஊறி வருகிறது.
கெட்டிலுக்குள் ஓடு கட்டும்,
ஷவர் வாயில் பல் முளைக்கும்.
ஆகவே ஹார்ட்முட்
இருபத்தாறு வருடமாகக் குளித்து முடித்ததும்
ரப்பர் பட்டையால் சுவரை வழித்துவிட்டுத்தான்
துண்டை எடுப்பான்.
கீச், கீச்.
படுக்கையில் கிடந்தபடி எண்ணுவேன்.
பதினெட்டு இழுப்பு. அப்புறம் காப்பி.

இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டு
ஐந்து வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வருகிறான்.
அதற்குள் தேய்த்துவிடலாம் என்று
நான்கு புட்டி வினிகர், ஒரு உருளைச் சமையலறைத் தாள்,
தேய்ந்த பல்துலக்கி,
என் மூக்குக் கண்ணாடி.
கண்ணாடியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு:
இந்த ஷவருக்குள் நான் கண்ணாடியோடு நின்றதே இல்லை.
எனக்கு இந்தச் சுவர் எப்போதும்
ஒரு பச்சை மூட்டம்.

முதலில் வெறும் தண்ணீர்.
டைல்களுக்கு நடுவிலுள்ள சாந்து வயிறு முட்டக் குடிக்கட்டும்;
தாகத்தோடு விட்டால் வினிகரைக் குடித்து
அரித்துப்போகும் என்பாள் கீழ்வீட்டு எர்ட்மூட்டே.
பிறகு வினிகரில் தோய்த்த தாளை ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்,
காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு
பக்கத்தில் இருப்பதுபோல.

கீழ் வரிசைகள் பத்து நிமிடத்தில் வழிவிட்டன.
ஐந்து வாரச் சுண்ணாம்புதானே.
ஆறு, ஏழு, எட்டு.
ஆலிவ் பச்சை. கடையில் நான் விரல் வைத்த நாளில்
அவனுக்குப் பிடிக்காத பச்சை.

ஒன்பதில் தாளை உரித்தேன். ஒன்றும் ஆகவில்லை.
மறுபடி போட்டேன். அரை மணி.
நகத்தால் கீறினேன், நகம் போயிற்று.
முக்காலி போட்டு ஏறிப் பார்த்தால்
ஒன்பதிலிருந்து பதிமூன்று வரை
சுவர் முழுக்க வெள்ளை முரடு.
அதன் கீழ்விளிம்பு நேராக இல்லை,
இடப்பக்கம் சற்று ஏறி, வலப்பக்கம் சரிந்து,
தூக்க முடியாத ஒரு தோள் வரைந்த கோடு.

என் கணவன் உயரம் ஒரு மீட்டர் தொண்ணூற்றிரண்டு.

ஏறிய முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
இத்தனை தடிமன் ஏற எத்தனை வருடம்?
மேல்தட்டுப் பெரிய சட்டியை இறக்கி
"இனி கீழேயே இருக்கட்டும், உனக்குத்தான் எட்டாது" என்றானே
அது எப்போது?
தலைவழியாகப் போடும் கம்பளிச் சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டு
பொத்தான் வைத்ததாகவே வாங்க ஆரம்பித்தது?
தினமும் எண்ணியவள் நான்.
பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது.
இழுப்பின் நீளம் குறைந்ததைக்
காது சொல்லவில்லை.

மாலையில் தொலைபேசியில் கேட்டான்:
"என்ன செய்கிறாய்?"
"டைல்ஸ் தேய்க்கிறேன்."
கொஞ்ச நேரம் மறுமுனையில் யாருடைய தள்ளுவண்டியோ உருண்டது.
"தினமும் வழித்துவிட்டுத்தானே வந்தேன்."
"ஆமாம்."
"மேலே கொஞ்சம் விட்டிருக்கும்."
"கொஞ்சம்" என்றேன்.

அந்தக் கொஞ்சத்துக்கு இன்னும் இரண்டு நாள்.
நான்கு புட்டி ஏழானது.
பதினோராம் வரிசையில் பளபளப்பும் சேர்ந்து போய்விட்டது,
அதற்கு இனி மருந்தில்லை.
இரண்டு இடத்தில் சாந்து உதிர்ந்தது. புதிதாய்க் குழைத்து
விரலால் அழுத்தி, ஈரப் பஞ்சால் துடைத்து,
ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் படாமல் காயவிட்டு
எர்ட்மூட்டே வீட்டில் குளித்தேன்.

சாந்து வாங்கப் போன கடையில்தான் பார்த்தேன்,
நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் பட்டை.
ஏழு யூரோ தொண்ணூறு.
"இது எப்போதிலிருந்து விற்கிறீர்கள்?"
சட்டையில் தொர்பென் என்று பெயர் குத்தியிருந்த பையன்
கேள்வி புரியாமல் என்னைப் பார்த்தான்.
"எப்போதுமே இருக்கிறதே."

சனிக்கிழமை.
படுக்கையில் கிடக்கிறேன்.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கும் ஓசை,
தண்ணீர், தண்ணீர் நிற்பது.
பழையதும் புதியதும் ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன,
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கீ—ச்.
பதினொன்றில் நின்றுவிட்டது.
மீதி ஏழுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்,
காப்பி வாசனை வந்துவிட்டது.