பன்றிநெல்

சட்டகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறியவேண்டும்,
அதுதான் விதி.
அரை மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், நாலு கம்பி.
நான் ஒற்றைக் கண்ணை மட்டும் மூடுவேன்.

மேன்காமம். காலை ஏழரை.
அல்லைக்குளத்துத் தண்ணீர் வக்கடையில் முணுமுணுக்க
சேற்றில் குந்தி எண்ணுகிறேன்:
நெல் நெல் நெல்
நெற்சப்பி
நெல் நெல்
கோரை. அது புல்லே இல்லை,
தண்டை உருட்டினால் மூன்று மூலை விரலில் இடறும்.
படிவத்துக்கு அந்த நுணுக்கம் வேண்டாம்.
'புல் பூண்டு, இதர.'

கதிர் தள்ளும்வரை நெற்சப்பி
நெல்லாகவே நடிக்கும்.
இலை தண்டைப் பிரியும் இடத்தில் பார்க்கவேண்டும்.
நெல்லுக்கு அங்கே ஒரு சின்ன நாக்கு,
கண்ணாடித் தாள்போல.
நெற்சப்பிக்கு நாக்கு இல்லை.
பிடுங்கும்போது அது ஒன்றும் சொல்வதுமில்லை.
அதன் ஒன்றுவிட்ட அக்காள்
குதிரைவாலி என்ற பெயரோடு
ரவுன் கடையில் அரைக்கிலோ பைக்கற்றில் இருக்கிறாள்,
சீனி வருத்தக்காரருக்கு,
சம்பாவைவிட மூன்று மடங்கு விலையில்.

வரம்பில் தவமலர்,
விதைநெல் ஒப்பந்தத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்து
நெஞ்சோடு பிடித்தபடி.
இரண்டேகால் ஏக்கர். தொண்ணூற்றிநாலு இனம்.
ஐந்தாவது எறிதலில் கண்டேன்.
மற்றதெல்லாம் பால் பிடித்து நிற்க
இது மட்டும் முற்றி,
நெல்லின் நுனியில் நீள மீசை வைத்து,
ஒரு சாண் உயரமாய்.
தொட்டேன். உதிர்ந்தது.
உமியை நகத்தால் நெரித்தால் உள்ளே சிவப்பு.
நாக்கைப் பார்த்தேன்.
இருந்தது. அதே நாக்கு.

"பன்றிநெல்" என்றேன்.
"வெட்டு மெஷினோட வந்திருக்கும்.
பொலன்னறுவையில வெட்டிப்போட்டு
கழுவாமல் கொண்டந்து இறக்குவாங்கள்."

"அது வந்த நெல்லு இல்ல, சேர்.
நிண்ட நெல்லு."

கதிர் சாய்ந்து கிடந்த கிழமையில்
வெளிக்கிட்டார்களாம்.
வெட்ட ஆளில்லை. சூடு வைக்க ஆளில்லை.
முதற் போகத்தை மயிலும் பன்றியும் தின்றன.
மிஞ்சியது
தின்ன முடியாமல் மீசை வைத்திருந்தது,
வெட்டுக்குக் காத்திராமல் விழுந்தது,
சேற்றுக்குள் போய் இரண்டு மழைக்குப் படுத்துக்கிடந்தது.
மனிதர் கையில் இருந்த காலமெல்லாம்
நெல்லுக்கு நாம் தடைசெய்திருந்த வேலை ஒன்றுதான்:
உதிர்தல்.
கேட்க ஆளில்லாத நாளில்
அதை மெல்லத் தொடங்கியிருக்கிறது.

இவர்கள் கூடாரச் சீலைக்குக் கீழே
நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற பருவங்களில்
இந்த வயலில் வேளாண்மை நடந்துகொண்டுதான் இருந்தது.
விதைத்தது, முளைத்தது, விளைந்தது, விழுந்தது.
பங்கு கேட்க ஒருவரும் இல்லை.

எனக்கு இதையெல்லாம் எழுத இடமில்லை.
விதை வயலில் பன்றிநெல் ஒரு கதிரும் ஆகாது.
ஏழு இருந்தது.
'நிராகரிக்கப்படுகிறது' என்பதை
நீட்டி எழுதினால் கட்டத்தை மீறுகிறது,
இரண்டு வரியாக மடித்தேன்.

தவமலர் அழவில்லை. கோபிக்கவுமில்லை.
"மில்லுக்குக் குடுக்கலாம்தானே?"
குடுக்கலாம்.
"சோத்துக்கு நல்லம் சேர், இது.
மீசைதான் கரைச்சல்."
பிடுங்கிய ஏழையும் முறுக்கி
சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.
எரிக்கச் சொல்வது என் கடமை.
மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஸ்டார்ட் செய்தேன்.

மூதூர் வீதியின் இருபக்கமும் கினியாப்புல்.
எப்போதோ யாரோ மாட்டுக்கென்று இறக்கியது.
மாட்டைக் கேளாமல்,
கைவிட்ட காணிகளை அளந்து எடுத்துக்கொண்டது.
ஒரு பொடியன் ஆளுயரக் கட்டைச் சுமந்து போனான்,
கட்டுக்குக் கால் முளைத்ததுபோல.
அவனுக்கு அது களையில்லை, பின்னேரப் பால்.

இரவு உப்புவெளி விடுதியில்
காலுறையைக் கழற்றினேன்.
மீசை கொளுவி ஒன்பது நெல்.
காற்சட்டை மடிப்பில் இன்னும் நாலு.
நாளை தம்பலகாமம், நாளன்றைக்குக் கந்தளாய்,
சப்பாத்து இதேதான்.

'வயலுக்குக் களை வந்த வழி' என்று
படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது.
வாய்க்கால். கால்நடை. இயந்திரம்.
மூன்று பெட்டி.
அலுவலர் என்று பெட்டி இல்லை.

குழாயடியில் உதறினேன்.
அங்கே எப்போதும் கொஞ்சம் ஈரம்.