நீலத் துளி

பாதிதான் இருந்தது புட்டி.
இசிபிங்கோ கடைக்குத் திரும்பிப் போய்
கல்லாப்பெட்டி மேல் நிறுத்தினேன்:
"மீதி எங்கே?"
நொக்குபோங்கா சிரிக்கவில்லை.
"மீதி காற்று.
காற்று இருக்கும்வரை இந்தப் பசை உறையாது.
மூச்சு முட்டினால்தான் கல்லாகும்."
காற்றுக்கும் சேர்த்து
எண்பது ராண்ட்.

என் மடக்குக் கத்திக்கு வந்த சீக்கு இது:
திறக்கும்போதெல்லாம் அச்சுத் திருகு
மயிரிழை பின்வாங்கும்.
அலகு இடமும் வலமும் ஆடும்,
வாடகை கேட்டால் தலையாட்டுகிறவரைப் போல.
போன சனிக்கிழமை, தூண்டில் நரம்பை அறுக்கையில்
திருகு கழன்று மணலில் விழுந்தது.
சட்டைப் பொத்தானில் பாதி கூட இல்லை.
முழங்காலிட்டு
டீ வடிகட்டியால் கடற்கரையைச் சலித்தேன்.
நாயோடு நடக்க வந்தவர்கள்
என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நேற்றிரவு ஒன்பதுக்கு,
சமையல் மேசையில், செய்தித்தாள் விரித்து,
எண்ணெய், உப்பு, ஒட்டியிருந்த ஒற்றைச் செதில்
எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
குண்டூசி முனையில் எடுத்த நீலம்
மரைக்கு மட்டும்.
வெண்கல வளையத்தில் பட்டால்
பிறகு அது கத்தி இல்லை, கூழாங்கல்.
சிவப்புப் புட்டி வாங்கிய கொழுந்தன் தயாளன்
இன்னும் ஈயப்பற்றுக் கோலும் கையுமாய்
திருகின் மண்டையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான்.

இறுக்கினேன்.
கால் சுற்றில் பாதி தளர்த்தினேன்.
அலகு தன் எடையில் தானே விழும் இடம் பார்த்து
கையை எடுத்தேன்.
இனி இருபத்துநான்கு மணி நேரம் தொடக்கூடாது.
என்னை நம்பாமல்
அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

நாலே முக்காலுக்குப் போன்.
"பிரமிளா, சாளை வந்துட்டு! வாரனர் பீச்!"
கிண்ணத்தைப் பார்த்தேன்.
எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

குளிரில், இடுப்பளவு நீரில்,
வலையை முப்பது பேர் இழுத்தோம்.
பறவைகள் தலைகீழாய் விழுந்துகொண்டிருந்தன.
நடுவில் ஒரு சுறாக்குட்டி சிக்கி முறுக்கியது.
கத்தி, கத்தி என்று கத்தினார் பெருமாள் கவெண்டர்,
என்னைப் பார்த்து.
வருடம் முழுக்கக் கத்தியைக் காட்டிப் பெருமையடித்தவள் நான்தானே.
பையைத் துழாவி
நகவெட்டியைக் கொடுத்தேன்.

வலை கிழிந்தது.
பாதி வெள்ளி கடலுக்கே திரும்பியது.
அவர் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.

இரவு ஒன்பது அடிக்கக் காத்திருந்து
கிண்ணத்தை நிமிர்த்தினேன்.
அலகு விழுந்தது, சத்தமில்லாமல்.
இடமும் இல்லை வலமும் இல்லை.
அறுக்கத்தான் வீட்டில் மீன் இல்லை.
மீனுக்கென்று வாங்கிய
எலுமிச்சை இருந்தது.