இழுவைப் பந்து

முசுப்பாத்தியின் நிறை முந்நூற்றெண்பது கிலோ.
மீன் வாடித் தராசில் ஏற மறுத்தாள்.
நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்துக் கணக்குப் பார்த்தேன்.
பெட்டி எழுநூறு.
வைக்கோல், தண்ணிக் கான், சேணம்
எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு என்று
மின்சார பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
கிண்ணியாவுக்குப் போனேன்.

ஜவ்பர் நானாவின் வளவுக்குள்
ஐந்து வாகனங்கள் வெயிலில் கிடந்தன.
"என்ன ஏத்தப் போறீங்க புள்ள, இறாலா?"
குதிரை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அப்ப விலையப் பிறகு பேசுவம்."

முதலாவது சிவப்பு. கட்டையான உடம்பு.
சாவியைத் திருப்பினால்
பாட்டுப் பெட்டிதான் முதலில் ஸ்டார்ட் ஆனது.
பின்னால் பாரம் கொழுவினால்
வால் நாயை ஆட்டும்.

இரண்டாவது வெள்ளை டபுள் கப்.
கதவில் சுரண்டிய எழுத்துகளின் தழும்பு:
கடல் வந்த வருசம் கூடாரமும் பருப்பும் கொண்டுவந்த
ஏதோ நாட்டின் பெயர், பாதி.
சீட்டில் உட்கார்ந்ததும் என் கை
தானாக அடையாள அட்டையைத் தேடியது.
இப்போது யாரும் மறிப்பதில்லை.
கைக்கு அது தெரியாது.
இறங்கிவிட்டேன். இஞ்சின் நல்லதுதான்.

கடைசியில் ஒரு லாண்ட் குறூசர்.
நீளம். பாசிப் பச்சை. படியில் துரு, கூரையில் காக எச்சம்.
பாலையூற்று டெஸ்மண்ட் அதன் அடியில் படுத்து
கால் மட்டும் வெளியே தெரியப் பேசினார்:
"எவ்வளவு இழுக்கும் எண்டுதான் எல்லாரும் கேக்கினம்.
இழுக்கிறது பெரிய காரியமே? மாடும் இழுக்கும்.
நிப்பாட்டுமோ எண்டு கேள்.
பலகடுவை இறக்கத்தில, மழைக்குள்ள,
ஆயிரத்து இருநூறு கிலோ
உன்ர முதுகில கை வைச்சுத் தள்ளேக்க..."
ஸ்பானர் விழுந்து மிச்சத்தை விழுங்கியது.

பேராதனை மிருக வைத்தியர்
வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னார்.
முன் வலக்காலை ஊன்றாமல்
மூன்று காலில் கடலைப் பார்த்து நிற்கிறாள் அவள்.
பிரேக் பிடித்தால் பாரமெல்லாம்
முன்னங்காலுக்குத்தான் போகும்.

ஆகவே பெட்டியைக் கொழுவச் சொல்லி
நானே உள்ளே ஏறினேன்.
சட்டப்படி கூடாது. டெஸ்மண்ட்
சிலுவை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.
குனிந்து, இடக்கையைப் பலகையில் ஊன்றி,
வலக்கையைத் தூக்கி
மூன்று காலில் நின்றேன்.

கிண்ணியாப் பாலம்: நெடுநேரம் காற்று, வேறொன்றுமில்லை.
சீனன்குடா வளைவில் இடது விலா இடித்தது.
புகையிரதக் கடவையில் பல்லும் பல்லும்.
ஒவ்வொரு கியரும் முழங்கைக்கு வந்து
சொல்லிவிட்டுப் போனது.
அனுராதபுரச் சந்திக்கு முன்னால்
நான் சொல்லிவைத்தபடியே, சொல்லாமல்,
சடாரென்று நிப்பாட்டினார்.

ஒரு சாண் முன்னால் போனேன்.
மூக்கு பலகையைத் தொடவில்லை.

வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.
பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு விலை பேசினேன்:
ஒரு படகு எஞ்சின், மிச்சம் ஏழு தவணை.
காக எச்சத்துக்குக் கழிவு கேட்டேன்.
ஜவ்பர் நானா ஒரு வாளித் தண்ணீர் தந்தார்.

வியாழன் பின்னேரம் நிலாவெளி மணலில்
லோ கியரில், நாலு சில்லும்
வெற்றிலை மெல்லுவதுபோல் மென்று மென்று ஏறின.
முசுப்பாத்தி காதை மட்டும் திருப்பினாள்.
சாய்பலகையில் ஒரு குளம்பை வைத்தாள்,
எடுத்தாள்,
உள்ளே என் வியர்வை இன்னும் மணந்திருக்க வேணும்,
திரும்ப வைத்தாள்.
இன்றைக்கு அவ்வளவு போதும் என்று
அவிழ்த்துக் கட்டினேன்.

இருட்டில் பின்பக்கத்தால் சுற்றி வர
இழுவைப் பந்து கணைக்காலைப் பிடித்தது.
ஒரு காலில் துள்ளித் துள்ளி,
அவளை எழுப்பாத சத்தத்தில்,
எனக்குத் தெரிந்த தூசணமெல்லாம் சொன்னேன்.
கிரீசும் கொஞ்சம் ரத்தமும்.
நாலு மணிக்கு வெளிக்கிட வேணும்.